மாஸ்க் இல்லாமல் இமயமலையைத் தாண்டிய டகோட்டா: யார் இந்த 'பாபா' மெஹர் சிங்?

சங்கரன்கோவில் சங்கரநாராயணர் கோவில் ராஜகோபுரத்தின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். ஒன்பது நிலை, ஏறக்குறைய 125 அடி. அந்தக் கோபுரத்தை ஒன்றின் மேல் ஒன்றாக 184 தடவை அடுக்கினால் எவ்வளவு உயரம் வரும்? 23,000 அடி. அங்கே காற்றின் அழுத்தம் சங்கரன்கோவிலில் இருப்பதில் பாதிகூடக் கிடையாது. நம்மூர் ஆள் ஒருவரைத் திடீரென்று அந்த உயரத்தில் ஆக்சிஜன் இல்லாமல் உட்கார வைத்தால், அஞ்சு பத்து நிமிஷத்தில் சொந்த போன் நம்பரைக்கூடச் சரியாகச் சொல்ல முடியாமல் போய்விடும். கூடவே ஒரு விசித்திரம். தனக்கு ஒன்றும் ஆகவில்லை, எல்லாம் சூப்பராக இருக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டிருப்பார்.

இந்த மாதிரி உயரங்கள் சூழ்ந்த வழியில், 1948 மே 24 அன்று, ஒரு பழைய டகோட்டா விமானம் ஸ்ரீநகரில் இருந்து லடாக்கின் லே நகருக்குப் பறந்தது. வழிகாட்டும் வரைபடம் சரியாக இல்லை. இறக்கையில் படியும் பனியைக் கரைக்கும் கருவி இல்லை. கேபினுக்குள் அழுத்தத்தைக் கூட்டும் வசதி அந்த ரக விமானத்துக்கே கிடையாது. ஆக்சிஜனும் இல்லாமல்தான் போனார்கள் என்று விமானப்படை வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. ஓட்டியவர் ஏர் கமோடர் மெஹர் சிங். வயது 33.

லேயில் அதற்கு முன் எந்த விமானமும் இறங்கியதில்லை.

லயால்பூரில் இருந்து திருச்சி வரை

மெஹர் சிங் பிறந்தது 1915 மார்ச் 20, லயால்பூரில். இன்று அது பாகிஸ்தானின் பைசலாபாத். இங்கிலாந்தின் கிரான்வெல் விமானப்படைக் கல்லூரியில் பயிற்சி முடித்து, 1936இல் அதிகாரியானார். அப்போது இந்திய விமானப்படை என்பதே ஒரே ஒரு ஸ்குவாட்ரன்தான். வடமேற்கு எல்லையில், இன்றைய ஆப்கானிஸ்தான் எல்லையை ஒட்டிய மலைகளுக்கு மேல், திறந்த காக்பிட் வைத்த வபிட்டி விமானங்களில் அவர் பறந்தார். ஒருமுறை ஷக்து பள்ளத்தாக்கில் விமானம் சுடப்பட்டு, பாறைகளுக்கு நடுவே இறக்க வேண்டியதாகிவிட்டது. சுற்றிலும் துப்பாக்கியோடு பழங்குடிப் போராளிகள். இருட்டில் தன் துப்பாக்கி வீரரையும் கூட்டிக்கொண்டு தப்பித்து, நம் பக்க ராணுவ நிலைக்கு வந்து சேர்ந்தார். கொஞ்ச நாள் ஓய்வெடுக்கலாம் என்றெல்லாம் யோசிக்கிற ஆள் இல்லை. உடனே மறுபடியும் பறக்கக் கிளம்பிவிட்டார்.

தமிழ்நாட்டுக்கும் இவருக்கும் ஒரு தொடர்பு உண்டு. இரண்டாம் உலகப் போரின் நடுவே, 1942 டிசம்பர் 1 அன்று, இந்திய விமானப்படையின் 6வது ஸ்குவாட்ரன் உருவாக்கப்பட்டது திருச்சியில்தான். அதன் முதல் தலைவர் ஸ்குவாட்ரன் லீடர் மெஹர் சிங். ஹரிகேன் விமானங்களோடு அந்தப் படை பர்மா போர்முனைக்குப் போனது. காட்டுக்குள் ஜப்பானியப் படை எங்கே நகர்கிறது என்று தாழப் பறந்து பார்த்து, படம் எடுத்து வருவதுதான் வேலை. அதைச் செய்த விதத்தால் 14வது ராணுவத்தின் கண்கள் என்ற பெயரே அந்த ஸ்குவாட்ரனுக்கு வந்தது. அந்த ராணுவத்தின் தளபதி வில்லியம் ஸ்லிம், போருக்குப் பின் எழுதிய நினைவுக் குறிப்பில் இந்த இளம் சீக்கியத் தலைவரைப் பாராட்டியிருக்கிறார். 1944இல் மெஹர் சிங்குக்கு டி.எஸ்.ஓ. விருது கிடைத்தது. அந்த விருதைப் பெற்ற ஒரே இந்திய விமானப்படை அதிகாரி அவர்தான்.

கூட இருந்தவர்கள் அவரை 'பாபா' என்றார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது.

பூஞ்ச்: எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில்

சுதந்திரம் வந்து இரண்டே மாதத்தில் காஷ்மீரில் போர். அங்கே விமானப்படை நடவடிக்கைகள் எல்லாம் மெஹர் சிங்கின் கையில் வந்தன. முதல் பெரிய சோதனை பூஞ்ச். நகரத்தைச் சுற்றி எதிரிப் படை, உள்ளே ராணுவத்தோடு பல்லாயிரம் அகதிகள். தரை வழி அடைபட்டுவிட்டது. ராணுவமும் அகதிகளும் சேர்ந்து மண்ணைச் சமன்படுத்தி ஒரு ஓடுபாதையைப் போட்டார்கள். சுற்றிலும் ஓடைகள். சற்றுத் தள்ளி மலைகளில் எதிரியின் துப்பாக்கிகள். அந்தப் பாதையில் முதல் டகோட்டாவை அவரே கொண்டுபோய் இறக்கினார். பிறகு பீரங்கி தேவைப்பட்டபோது, பகலில் இறங்கினால் சுடுவார்கள் என்று, ஓடுபாதை ஓரம் எண்ணெய் விளக்குகளை வரிசையாக வைத்து இரவில் இறக்கினார்.

சரக்கு விமானமான டகோட்டாவை குண்டுவீச்சு விமானமாகவும் மாற்றினார்கள். டெக்னாலஜி ஒன்றும் பெரிதில்லை. கதவைத் திறந்து, குண்டுகளைத் தரையில் உருட்டி வெளியே தள்ளுவது. அவ்வளவுதான்.

ஆபத்தான வேலை என்றால் அடுத்தவரை அனுப்பாமல் முதலில் தான் போவது என்பது இவரிடம் கடைசி வரை மாறவில்லை. ஒரு ஏர் கமோடர் அலுவலகத்தில் உட்கார்ந்து உத்தரவு போட வேண்டியவர், முன்வரிசையில் போய் உயிரைப் பணயம் வைப்பது சரியா என்று கேட்டால், ராணுவப் பாடப்புத்தகம் சரியில்லை என்றுதான் சொல்லும். ஆனால் யாருமே இறங்கிப் பார்க்காத இடத்தில் இறங்கலாம் என்று மற்ற விமானிகளை நம்ப வைக்க வேறு வழியும் இருந்ததாகத் தெரியவில்லை.

லே ஏன் அவ்வளவு முக்கியம்?

1948 மே மாதத்தில் கார்கில் எதிரியின் கைக்குப் போய்விட்டது. ஸ்ரீநகரில் இருந்து லே போகும் ஒரே பாதை அத்துடன் துண்டானது. மணாலி வழியாக நடந்து போனால் வாரக்கணக்கில் ஆகும். லேயில் இருந்ததோ ஒரு சிறிய படை. பிப்ரவரியில், உறைபனிக்காலத்தில், மேஜர் பிரிதி சந்த் தலைமையில் சோஜி லா கணவாயை நடந்தே கடந்து போன தன்னார்வ வீரர்கள்தான் அங்கே இருந்த பலம்.

அவர்களோடு போன ஒருவர் இந்தக் கதையில் முக்கியம். லடாக்கைச் சேர்ந்த பொறியாளர் சோனம் நோர்பு. சிந்து நதிக்கரை மணலில், உள்ளூர் மக்களை வைத்து, மண்வெட்டியும் கூடையும் கொண்டு சில வாரங்களில் ஒரு ஓடுபாதையை அமைத்துவிட்டார். பாதை ரெடி. அதில் விமானம் இறங்குமா என்று சொல்லத்தான் யாரும் இல்லை. மெஹர் சிங் இறக்கிக் காட்டுகிறேன் என்றார். ஸ்ரீநகரில் ராணுவ டிவிஷனுக்குத் தலைமை வகித்த மேஜர் ஜெனரல் திம்மையாவும் அதே விமானத்தில் ஏறிக்கொண்டார். குடகு நாட்டுக்காரரான திம்மையா, சிறுவயதில் நம் குன்னூர் செயின்ட் ஜோசப் பள்ளியில் படித்தவர். பின்னாளில் ராணுவத் தலைமைத் தளபதியானார்.

உடம்புக்குள் என்ன நடந்திருக்கும்?

இங்கே கொஞ்சம் நின்று அறிவியலைப் பார்த்துவிடுவோம். அப்போதுதான் அந்தப் பயணத்தின் கனம் புரியும்.

உயரே போனால் காற்றில் ஆக்சிஜன் சதவீதம் குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். குறையாது. தூத்துக்குடி கடற்கரையிலும் எவரெஸ்ட் உச்சியிலும் அது சுமார் 21 சதவீதம்தான். குறைவது அழுத்தம். கொடைக்கானல் ஏறும்போது சிப்ஸ் பாக்கெட் உப்பிக்கொண்டு வெடிக்கிற மாதிரி நிற்குமே, அதுதான் சாட்சி. கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 760 மில்லிமீட்டர் பாதரசம். 18,000 அடியில் அது பாதியாகிவிடும். நுரையீரலில் இருந்து ரத்தத்துக்குள் ஆக்சிஜனைத் தள்ளுவது இந்த அழுத்தம்தான். தள்ளுகிற கை தளர்ந்தால், எவ்வளவு மூச்சு இழுத்தாலும் ரத்தத்தில் போதுமான அளவு ஏறாது. இந்த நிலைக்குப் பெயர் ஹைபாக்ஸியா.

கொரோனா காலத்தில் விரலில் மாட்டிய ஆக்ஸிமீட்டர் நினைவிருக்கும். 94க்குக் கீழே போனால் வீடே பதறியது. 10,000 அடி வரை அந்த எண் 90ஐ ஒட்டியே தாக்குப்பிடிக்கும். அதற்கு மேல் சரிவு செங்குத்து. உயரத்துக்குப் பழகாத ஒருவர் 23,000 அடியில் சில நிமிடங்கள் இருந்தால் 70க்கும் கீழே இறங்கிவிடும். உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, உடம்பின் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கைத் தின்கிறது. அதனால் முதலில் அடி வாங்குவதும் அதுதான். அதிலும் முடிவெடுக்கும் திறன்தான் முதலில் போகும். நகம் நீலமாகும், பார்வை ஓரங்களில் இருந்து சுருங்கும், கூட்டல் கழித்தல் தப்பும். ஆனால் வலிக்காது, மூச்சு முட்டாது. பலருக்குப் போதை ஏறியது போல ஒரு சந்தோஷம்கூட வரும். அதனால்தான் இது ஆபத்து.

ஒரு விமானி எவ்வளவு நேரம் உருப்படியாக வேலை செய்ய முடியும் என்பதற்கு விமான மருத்துவத்தில் ஒரு கணக்கு உண்டு. 18,000 அடியில் 20 முதல் 30 நிமிடம். 25,000 அடியில் 3 முதல் 5 நிமிடம். 35,000 அடியில், அதாவது நாம் மதுரையில் இருந்து டெல்லி போகும்போது பறக்கிற உயரத்தில், அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம்.

இதை மனிதன் விலை கொடுத்துத்தான் கற்றான். 1875 ஏப்ரல் 15 அன்று பிரான்ஸில் 'ஜெனித்' என்ற பலூனில் மூன்று பேர் 28,000 அடிக்குப் போனார்கள். கையில் ஆக்சிஜன் பைகள் இருந்தன. அது போதாது என்று உடலியல் அறிஞர் பால் பெர்ட் அனுப்பிய எச்சரிக்கைக் கடிதம் தாமதமாகவே வந்து சேர்ந்தது. இருக்கிற ஆக்சிஜனைத் தேவைப்படும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று சிக்கனமாக வைத்திருந்தார்கள். தேவைப்பட்ட நேரத்தில் குழாயை எட்டிப் பிடிக்கக் கை எழவில்லை. இருவர் இறந்தார்கள். பிழைத்த காஸ்டன் டிஸ்ஸாண்டியருக்குக் காது கேட்காமல் போனது.

மாஸ்க் என்ன செய்கிறது?

விமானியின் மாஸ்க் ஆஸ்பத்திரி மாஸ்க் மாதிரி இல்லை. முகத்தோடு காற்று கசியாமல் ஒட்டியிருக்கும். மூச்சை இழுக்கும்போது மட்டும் ஆக்சிஜன் வரும். விடும்போது ஒரு வால்வு மூடி, இன்னொரு வால்வு திறந்து வெளியேற்றும். சிலிண்டர் வீணாகாமல் இருக்க இந்த ஏற்பாடு. எந்த உயரத்தில் எவ்வளவு ஆக்சிஜனைச் சாதாரணக் காற்றோடு கலக்க வேண்டும் என்பதை ரெகுலேட்டர் பார்த்துக்கொள்ளும். மாஸ்க்குக்குள்ளேயே மைக் இருக்கும், பேச வேண்டுமே.

சதவீதத்தைக் கூட்டினால் அழுத்தம் குறைந்ததை ஈடுகட்டலாம் என்பதுதான் இதன் அடிப்படை. 21க்குப் பதில் 100 சதவீதம் கொடுத்தால், சுமார் 33,000 அடியிலும் நுரையீரலுக்குக் கடல் மட்டத்தில் இருப்பது போலத்தான். ஆனால் அதற்கும் எல்லை உண்டு. 40,000 அடியில் மொத்த அழுத்தமே 141 மில்லிமீட்டர். நுரையீரலில் எப்போதும் இருக்கும் நீராவிக்கு 47, கரியமில வாயுவுக்கு 40 போனால் ஆக்சிஜனுக்கு மிச்சம் 55 அளவுதான். தரையில் இருக்கும்போது அது 100. அதனால் அதற்கு மேலே போகிற போர் விமானிகளுக்கு, மாஸ்க் ஆக்சிஜனை அழுத்தி உள்ளே தள்ளுகிறது. நாம் இழுத்து விடுவதற்கு நேர் தலைகீழ்: மூச்சு தானாக உள்ளே வரும், கஷ்டப்பட்டு வெளியே தள்ள வேண்டும். இதற்குப் பயிற்சி தேவை. பெங்களூரு விமான மருத்துவ நிறுவனத்தில் குறைந்த அழுத்த அறைக்குள் விமானிகளை உட்கார வைத்து, ஹைபாக்ஸியா வரும்போது தங்கள் உடம்பு முதலில் காட்டும் அறிகுறி எது என்று அவர்களே கண்டுகொள்ளப் பழக்குகிறார்கள். ஒருவருக்கு விரல் கூசும், இன்னொருவருக்குச் சிரிப்பு வரும்.

பயணிகள் விமானத்தில் கேபினையே 8,000 அடி உயரத்து அழுத்தத்துக்குள் வைத்திருப்பதால் நமக்கு மாஸ்க் வேண்டாம். அந்த ஏற்பாடு பழுதானால் மேலிருந்து மஞ்சள் மாஸ்க் விழும். முதலில் நீங்கள் போடுங்கள், பிறகு பக்கத்தில் உள்ள குழந்தைக்குப் போடுங்கள் என்று ஏர்ஹோஸ்டஸ் சொல்வதன் காரணம் இந்த நிமிடக் கணக்குதான். 2005 ஆகஸ்ட் 14 அன்று சைப்ரஸில் இருந்து ஏதென்ஸ் புறப்பட்ட ஹீலியோஸ் விமானத்தில், அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் சுவிட்ச் தானியங்கி நிலையில் இல்லை. எச்சரிக்கை ஒலியை விமானிகள் வேறொன்று என்று நினைத்துத் தேடிக்கொண்டிருந்தார்கள். மாஸ்க்கை எடுக்கவில்லை. விமானம் தானாகவே ஏதென்ஸ் வரை பறந்து, எரிபொருள் தீர்ந்து மலையில் விழுந்தது. 121 பேர் இறந்தார்கள்.

மறுபடியும் டகோட்டாவுக்குள்

மெஹர் சிங் 23,000, 24,000 அடியில் பறந்தார் என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். டகோட்டா ஏறக்கூடிய உச்சபட்ச உயரமே கிட்டத்தட்ட அதுதான். மேலே பார்த்த நிமிடக் கணக்கை வைத்துப் பார்த்தால், ஆக்சிஜன் இல்லாமல் அந்த உயரத்திலேயே முழு வழியும் பறந்திருக்க வாய்ப்பில்லை. வழியில் உள்ள சோஜி லா 11,575 அடி, ஃபோட்டு லா 13,479 அடி. இந்தக் கணவாய்களுக்கு மேலே, இருபுறமும் உயர்ந்து நிற்கும் சிகரங்களுக்கு நடுவே நுழைந்து போவதுதான் உயிர் பிழைக்கிற வழி. மேகமோ முகடோ குறுக்கே வந்தால் மட்டும் இன்னும் ஏற வேண்டும், சீக்கிரம் இறங்கிவிட வேண்டும். 15,000 அடியில் பறந்தாலும் நெடுநேரம் ஆகும்போது தலைவலியும் மந்தமும் வரத்தான் செய்யும். அந்த மந்தத்தோடு, இதுவரை பார்த்தே இராத பள்ளத்தாக்கில் எந்தத் திருப்பம் சரி என்று முடிவெடுக்க வேண்டும். தப்பான பள்ளத்தாக்கில் நுழைந்துவிட்டால் டகோட்டாவால் சட்டென்று மேலே ஏறித் தப்ப முடியாது. மெல்லிய காற்றில் மூச்சு வாங்குவது மனிதனுக்கு மட்டுமல்ல, என்ஜினுக்கும்தான்.

இறங்குவதிலும் அதே பிரச்னை. இன்றைய லே விமான நிலையத்தின் உயரம் 3,256 மீட்டர். காற்று அடர்த்தி குறைவு என்பதால் விமானம் தரையைத் தொடும் வேகம் சமவெளியைவிட அதிகம், நிற்க அதிக தூரம் வேண்டும். மணல் பாதையில், முதல் முறையாக, மெஹர் சிங் அதைச் செய்தார். டகோட்டா முழுசாக நின்றது. கூடிய மக்களில் பலர் அதுவரை ஜீப்பைக்கூடப் பார்த்ததில்லை. வந்திருப்பது ஏதோ பிராணி என்று நினைத்து அதற்குப் புல் கொண்டுவந்தார்கள் என்று லடாக்கில் ஒரு கதை சொல்வார்கள்.

அந்த ஒரு இறக்கத்துக்குப் பிறகு மற்ற டகோட்டாக்கள் தொடர்ந்து வந்தன. கூர்க்கா வீரர்கள் வந்தார்கள், ஆயுதங்கள் வந்தன. நவம்பரில் சோஜி லாவை டாங்கிகளோடு ராணுவம் மீட்டு, தரை வழி திறக்கும் வரை லேயைக் காப்பாற்றியது அந்த மணல் ஓடுபாதைதான். பூஞ்சிலும் லேயிலும் செய்ததற்காக மெஹர் சிங்குக்கு மகாவீர் சக்கரம் வழங்கப்பட்டது.

சீக்கிரம் முடிந்த பயணம்

இதற்குப் பிறகு அவர் பெரிய பதவிகளுக்குப் போயிருப்பார் என்றுதான் யாருக்கும் தோன்றும். நடந்தது வேறு. மேலிடத்தோடு கருத்து வேறுபாடு முற்றி, 1948ஆம் ஆண்டு முடிவதற்குள்ளாகவே அவர் விமானப்படையை விட்டு விலகிவிட்டார். போர் அப்போது முடிந்திருக்கவில்லை. பிறகு பாட்டியாலா மகாராஜாவுக்கு விமானத்துறை ஆலோசகராகச் சேர்ந்தார். பறப்பதை மட்டும் விடவில்லை.

அவர் அன்று ஆக்சிஜன் இல்லாமல் தாண்டிய மலைகளை இன்று தாண்டும் போர் விமானிகளுக்குச் சிலிண்டரே தேவைப்படாத நிலை வந்திருக்கிறது. தேஜஸ் விமானத்துக்காக பெங்களூருவில் உள்ள டி.ஆர்.டி.ஓ. ஆய்வகம் உருவாக்கிய கருவி, என்ஜினில் இருந்து வரும் காற்றை ஜியோலைட் என்ற கனிமப் படுகை வழியாகச் செலுத்தி நைட்ரஜனைப் பிடித்து வைத்துக்கொண்டு, ஆக்சிஜனை விமானியின் மாஸ்க்குக்கு அனுப்புகிறது. 2021 கொரோனா இரண்டாம் அலையில் ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசை கட்டி நின்றபோது, இதே தொழில்நுட்பத்தைத்தான் நிமிடத்துக்கு 1,000 லிட்டர் தரும் மருத்துவ ஆக்சிஜன் நிலையங்களாக மாற்றினார்கள். அவற்றைத் தயாரித்த நிறுவனங்களில் ஒன்று கோயம்புத்தூரைச் சேர்ந்தது.

2018இல் ட்ரோன் கூட்டங்களை வடிவமைக்க இந்திய விமானப்படை அறிவித்த போட்டிக்கு 'மெஹர் பாபா' என்று பெயர் வைத்தது.

அந்தப் பெயருக்கு உரியவர், 1952 மார்ச்சில், ஜம்முவில் இருந்து டெல்லிக்கு பொனான்சா என்ற சிறிய விமானத்தில் வந்துகொண்டிருந்தார். வழியில் கடும் புயல். விமானம் விழுந்து நொறுங்கியது. 37வது பிறந்தநாளுக்குச் சில நாட்களே இருந்தன.